கினி பிக் அக்கா

என் போனில் அவர் பெயர் இன்றைக்கும் ‘கினி பிக் அக்கா’ என்றுதான் இருக்கிறது. உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. ஒரு வருஷம் பழகியிருக்கிறேன். என்ன வேலை பார்த்து ஓய்வு பெற்றார், சிராங்கூனில் அந்த மூவறை வீட்டில் ஏன் தனியாக இருந்தார், பிள்ளைகள் உண்டா இல்லையா, எதுவும் தெரியாது. அவர் ஒன்றையும் ஒளித்து வைக்கிற ஆள் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான்தான் கேட்கவில்லை. பார்த்த நேரமெல்லாம் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் பள்ளி விடுமுறை வந்தால் எங்களில் பாதிப் பேர் திருச்சிக்கும் மதுரைக்கும் கிளம்பிவிடுவோம். தைலத்தையும் சாக்லெட்டையும் பெட்டியில் அடைத்துவிடலாம். வீட்டில் இருக்கும் முயலையும் கினி பிக்கையும் எங்கே அடைப்பது? அதற்குத்தான் அந்த அக்கா. விளம்பரம் கிடையாது, போர்டு கிடையாது. ஒருவர் சொல்லி ஒருவர் போவோம். கூடத்துச் சுவரோரமாக நாலைந்து கூண்டுகள் இருக்கும். நடுவில் பாயைப் போட்டு அவர் உட்கார்ந்திருப்பார். அறுபது வயசு இருக்கலாம். பூப்போட்ட நைட்டி, மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி. உட்கார்ந்து என்ன செய்வார் என்றால், ஒன்றும் செய்யமாட்டார். சிங்கப்பூரிலேயே பெரிய சோம்பேறி இந்த அம்மாதான் என்று முதல் நாள் மனசுக்குள் பட்டம் கொடுத்தேன்.

எது நடந்தாலும் அவர் வாயிலிருந்து வருவது ஒன்றுதான். “இருங்க தம்பி, பாப்போம்.”

ஒருமுறை அவர் இருந்த அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே நானும் அவரும் ஒரு மூட்டை வைக்கோல் புல்லும். நான் அபாயப் பொத்தானை விடாமல் அழுத்தினேன். கதவைத் தட்டினேன். “யாராச்சும் இருக்கீங்களா!” என்று கத்தியதில் கீழ்த்தளத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட அண்ணாந்து பார்த்தார்களாம். அக்கா மூட்டையைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்தார். “இருங்க தம்பி, பாப்போம்.” இருபது நிமிஷத்தில் ஆள் வந்து திறந்தான். முதல் தடவை அழுத்தியபோதே தகவல் போய்விட்டது, மீதி தடவையெல்லாம் எதற்கு என்று என்னைப் பார்த்துக் கேட்டான். அதற்குள் என் தொண்டை கட்டிப்போயிருந்தது.

தேக்கா சந்தையிலும் அப்படித்தான். கொத்தமல்லி வாங்கக் கூடவே போயிருந்தேன். கூட்டத்தில் முண்டியடித்து, “பிரதர், எனக்கு முதல்ல குடுங்க லா!” என்று சத்தம் போட்டு ஒரு கட்டு வாங்கி வெற்றியோடு திரும்பினேன். அவர் ஓரமாக நின்றார். கூட்டம் கலைந்தது. கடைக்காரரே கூப்பிட்டு, நறுக்கி வைத்திருந்த கொத்தமல்லித் தண்டும் காலிஃபிளவர் இலையும் ஒரு பை நிறைய எடுத்துக் கொடுத்தார். என் கட்டைப் பிரித்தால் நடுவில் எல்லாம் மஞ்சள்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாங்கியில் விமானச் சரக்குப் பிரிவில் பத்தொன்பது வருஷம். ஃபோர்க்லிஃப்ட் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசிக் குரல் அந்த அளவிலேயே நின்றுவிட்டது. நான் ரகசியம் சொன்னால் மூன்று பேருக்குக் கேட்கும். இதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை. கலகலப்பான மனுஷன், இருக்கிற இடம் தெரியும் என்று எனக்கு நானே சான்றிதழ் வழங்கியிருந்தேன். அக்காவுக்கு நான் அனுப்பும் வாய்ஸ் மெசேஜ்களைப் பற்றி ஒருநாள் அவர் சொன்னார்: “நீங்க அனுப்புறத நான் கிச்சன்ல போய்க் கதவ சாத்திக்கிட்டுத்தான் கேப்பேன் தம்பி.” எவ்வளவு மரியாதை பாருங்கள், தனியாகப் போய்க் கவனமாகக் கேட்கிறார் என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். மனைவி துவைத்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இனி காயா, கோப்பி. மகள் பிறந்தநாளுக்கு வாங்கிய இரண்டு கினி பிக். அவள் அப்போது உயர்நிலைப் பள்ளியில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். காயா பழுப்பும் வெள்ளையுமாகக் குண்டு. கோப்பி கறுப்பு, ஒல்லி. இரண்டும் எங்கள் ஈசூன் வீட்டுக் கூடத்தில் ஒரு மூலையில் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. தின்னும், உட்காரும், தின்னும். சாப்பாட்டுக் கிண்ணத்தை நானே மூக்குக்கு நேராகத் தள்ளி வைப்பேன். விருந்தாளிக்கு இலை போட்டுவிட்டு, எழுந்து வந்து சாப்பிடு என்றா சொல்வோம்?

ஆறேழு மாதத்தில் காயாவின் பின்னங்கால் குதி சிவந்துபோயிற்று. விலங்கு மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அந்தப் பெண் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எடை அதிகம், ஒரே இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து புண்ணாகிறது, விரிப்பை மெத்தென்று மாற்றுங்கள், முக்கியமாக அது நடக்க வேண்டும், நடக்காவிட்டால் புண் எலும்புவரை போய்விடும், அதற்குமேல் எங்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது என்றார். டாக்சியில் மகள் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

விடுவேனா? மறுநாளே காரியத்தில் இறங்கினேன். இங்கே கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையை முடித்த ஆண்கள் நாற்பது வயதுவரை வருஷா வருஷம் ஐபிபிடி என்ற உடலுறுதித் தேர்வில் தேற வேண்டும். தேறாதவர்களுக்குத் தனிப் பயிற்சி உண்டு. அந்தத் தனிப் பயிற்சியில் எனக்கு நீண்ட அனுபவம். அந்த அனுபவத்தையெல்லாம் காயாவுக்குத் தாரைவார்க்க முடிவு செய்தேன். கூடத்துத் தரையில் டேப் ஒட்டி ஓட்டப் பாதை போட்டேன். கோட்டின் அந்தப் பக்கம் கேரட். இந்தப் பக்கம் காயா. கையில் ஸ்டாப்வாட்ச். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு அட்டவணை.

“காயா, ரெடி… மூவ்! மூவ்! மூவ்!” என்று கைதட்டினேன்.

காயா தரையோடு தரையாகப் படிந்தது. கண் மட்டும் பெரிதாகத் திறந்திருந்தது.

“ப்பா, ஸ்டாப் லா. பயப்படுது,” என்றாள் மகள்.

“பயமா? நம்ம வீட்டுல என்ன பயம்? சோம்பேறித்தனம்!”

பத்து நாள் பயிற்சியில் காயா கடந்த தூரம் பூஜ்யம். என்னைவிட மோசமாக ஐபிபிடியில் தோற்ற ஒரு ஜீவனை அன்றுதான் கண்டேன். சரி, ஓட்டம் வேண்டாம் என்று, எலி ஓடுமே அந்த மாதிரி ஒரு சுழல் சக்கரம் வாங்கிவந்தேன். டிசம்பரில் கூண்டோடு அதையும் அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவர் சக்கரத்தைக் கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்து, “இதுல ஏத்துனா கினி பிக்குக்கு முதுகு போயிடும் தம்பி,” என்று சொல்லி அலமாரிமேல் வைத்தார். பிறகு காயாவின் தினசரி நடவடிக்கை, உணவு, என் பயிற்சித் திட்டம் எல்லாவற்றையும் அரைமணி நேரம் விளக்கினேன். அவர் தலையாட்டினார். முடிவில் ஒரே ஒரு கேள்வி, அதுவும் என்னிடம் இல்லை, மகளிடம் கேட்டார்.

“வீட்டுல யாரும் இல்லாதப்ப இது என்னம்மா செய்யும்?”

மகள் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, “தெரியல ஆன்ட்டி,” என்றாள்.

திருச்சியில் இருந்தபோது எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ அக்காவிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. ஒரு வார்த்தை எழுதியிருக்கவில்லை. பார்த்தால், காயா ஓடுகிறது. அட்டைப்பெட்டிக்குள் நுழைந்து மறுபக்கம் வருகிறது. நடுக்கூடத்தில் நின்ற இடத்திலேயே எகிறிக் குதித்து, அந்தரத்தில் உடம்பை ஒரு முறுக்கு முறுக்கி இறங்குகிறது. மகள் அதை இருபது தடவை பார்த்தாள். நான் ஊரில் உள்ள சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் காட்டி, என் பயிற்சி லேட்டாகத்தான் வேலை செய்திருக்கிறது என்றேன்.

ஜனவரியில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கூண்டைத் திறந்தேன். மறுபடியும் சிலை.

ஒரு வாரம் பார்த்தாள் மகள். பிறகு சாப்பாட்டு மேஜையில் தட்டைப் பார்த்தபடி சொன்னாள்: “காயா அந்த ஆன்ட்டிகிட்டயே இருக்கட்டும்ப்பா. அங்கதான் நடக்குது. இங்க இருந்தா செத்துடும்.”

அவள் உயிரையே வைத்திருந்த பிராணி அது. அதைக் கொடுத்துவிடலாம் என்கிறாள். எனக்கு வருத்தத்தைவிட ரோஷம்தான் முதலில் வந்தது. என் வீட்டில் என்ன குறை? காற்று இல்லையா, கேரட் இல்லையா? உடனே அக்காவுக்கு ஆறு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். நீங்களே வந்து பாருங்கள், ஒரு குறை சொல்லுங்கள் பார்ப்போம் என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் எம்ஆர்டி ரயில் ஏறி ஈசூன் வந்துவிட்டார்.

வந்தவர் கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தார். நான் வீட்டின் வசதிகளை எடுத்துச் சொல்லத் தொடங்கினேன்.

“தம்பி, கீழ கடையில கொஞ்சம் கொத்தமல்லி வாங்கிட்டு வர்றீங்களா?”

போய் வாங்கி வந்தேன். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது.

“ரெண்டு அட்டப்பெட்டி கெடைக்குமா பாருங்களேன்.”

மறுபடி இறங்கினேன். வரும்போது பக்கத்து வீட்டுக்காரரிடம் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டு வந்தேன்.

“எனக்கு ஒரு தே-ஓ கோசோங் வேணும் தம்பி, சக்கர இல்லாம.”

என்னடா இது, நம்மை எடுபிடியாக்கிவிட்டாரே என்று தேநீரோடு மேலே வந்தேன். அக்கா எழுந்து, “கொஞ்சம் கிச்சனுக்கு வாங்க,” என்றார். கதவைச் சாத்தினார். போனை என் கையில் கொடுத்துவிட்டுத் தேநீரை வாங்கிக்கொண்டார்.

வீடியோவில் என் வீட்டுக் கூடம். காயா வெளியே வந்திருக்கிறது. நிதானமாக நடந்து மகளின் கால்விரலை முகர்கிறது. மகள் குப்புறப் படுத்துக்கொண்டு, கையை ஆட்டி ஆட்டி அக்காவிடம் ஏதோ பள்ளிக்கூடக் கதை சொல்கிறாள். எனக்குத் தெரியாத கதை. மனைவி துணி மடித்தபடி சிரிக்கிறாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரிப்பாள் என்பதே எனக்கு மறந்திருந்தது. அப்போது தூரத்தில், காரிடாரில், என் குரல். “என்ன பிரதர், சண்டேகூட வேலையா!” கூடவே என் சாவிக்கொத்து. திருச்சி மலைக்கோட்டைக் கடைவீதியில் வாங்கியது, நாலு சலங்கை கோத்தது. காயா நின்றது. திரும்பிக் கூண்டுக்குள் ஓடியது. கோப்பி பின்னாலேயே.

அதுவரை எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்புறம் மகள் எழுந்தாள். கதை பாதியில் இருந்தது. அவள் அதை அங்கேயே விட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சத்தம் வராமல் சாத்துவதற்குக் கைப்பிடியைத் திருகிப் பிடித்துக்கொண்டு சாத்தினாள். மனைவி டிவியின் சத்தத்தைக் குறைத்தாள், மடித்த துணியை எடுத்துக்கொண்டு எழுந்தாள், முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. எல்லாம் நாலு நொடி. பிறகு கதவு திறக்கிறது. அட்டைப்பெட்டிகளோடு நான் நுழைகிறேன். “என்ன, எல்லாம் தூங்குதா?” என்கிறேன்.

மூன்று தடவை இறங்கி ஏறினேன் அல்லவா, மூன்று வீடியோ. மூன்றிலும் இதே.

வேலை முடிந்து வரும்போது மகள் புத்தகமும் கையுமாக அறைக்குள் இருப்பதை, பொறுப்பான பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். அவமானமாக இருந்தது. அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“நான் யாரையும் அடிச்சதே இல்லக்கா,” என்றேன்.

“தெரியும் தம்பி.”

“என் குரலே அப்படி.”

“ம்.”

“எப்பவாச்சும் கத்துவேன். யார் வீட்டுலதான் கத்தல?”

அவர் தேநீரைக் குடித்தார். எனக்கு அதுதான் ரொம்ப வலித்தது. குடித்து முடித்து, “காயாவ நானே வச்சுக்கட்டுமா?” என்று கேட்டார்.

“ஒரு மாசம் டைம் குடுங்கக்கா.”

“சரி, இருங்க. பாப்போம்.”

அன்று மாலை அட்டைப்பெட்டிகளில் இரண்டிரண்டு வாசல் வெட்டினார். ஒரு வாசல் இருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று பயப்படுமாம். கிண்ணத்தை எடுத்துவிட்டு, புல்லையும் தண்டையும் கூடத்தில் நாலு இடத்தில் பிரித்து வைத்தார். அதைத் தேடி நடக்கட்டும் என்றார். டேப்பை உரித்தார். அட்டவணையைக் கிழித்தார். கடைசியாக எனக்கு: “தெனம் அர மணி நேரம் இப்படித் தரையில உக்காருங்க. கூப்புடக்கூடாது. கை தட்டக்கூடாது. போன் வேணாம்.”

“அப்ப என்ன செய்யணும்?”

“ஒண்ணும் செய்யாதீங்க.”

எனக்குத் தெரியாத ஒரே வேலை அது. முதல் நாள் ஐந்தாவது நிமிஷத்தில் கால் மரத்துப்போனது. இரண்டாம் நாள் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டேன். என் குறட்டைக்கு இரண்டும் பெட்டிக்குள் பதுங்கிவிட்டதாக மனைவி சொன்னாள். சாவிக்கொத்திலிருந்து சலங்கையைக் கழற்றினேன். காரிடாரில் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கையை மட்டும் ஆட்டினேன். தன்மேல் ஏதும் கோபமா என்று அவர் என் மனைவியிடம் விசாரித்தாராம். ஒன்பதாம் நாள் பெட்டி வாசலில் ஒரு மூக்கு தெரிந்தது. வாய்ஸ் மெசேஜ் அனுப்பப் போனவன் நிறுத்திக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக அக்காவுக்கு எழுத்தில் அனுப்பினேன். ‘இன்று மூக்கு தெரிந்தது.’ அவர் பதில்: ‘ம்.’

அந்த வருஷக் கடைசியில் அவர் வீட்டை விற்றுவிட்டு ஈப்போவில் தங்கையோடு இருக்கப் போய்விட்டார். கிளம்புவதற்கு முதல்நாள் சிராங்கூன் போய்ப் பார்த்தேன். கூண்டெல்லாம் போய்க் கூடம் காலியாக இருந்தது. பாய் மட்டும் இருந்தது. உட்கார்ந்தோம். அவரைப் பற்றி அன்றைக்காவது கேட்டிருக்கலாம். புதுப் பழக்கத்தின் ஜோரில் நான் வாயையே திறக்கவில்லை. அவருக்கு அது எப்போதும் உள்ள பழக்கம். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்பினேன். அதனால் அன்றும் அவரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் போயிற்று. இதற்காக என்னை நானே இன்னமும் திட்டிக்கொள்கிறேன், மெதுவான குரலில்.

இன்னும் சொல்ல வேண்டியது அதற்கு முன்னால் நடந்தது, காயாவுக்காக அவர் கொடுத்த அந்த ஒரு மாதத்தின் கடைசி வாரத்தில் ஒரு மாலை. மறுநாள் அக்கா வந்து பார்ப்பதாக இருந்தது. மூன்றடி தூரம்வரை காயா வரும், என்னைப் பார்க்கும், திரும்பிவிடும். அதற்குமேல் வந்ததில்லை. தோற்றுவிட்டேன் என்றே முடிவு கட்டியிருந்தேன். இருந்தாலும் கையில் ஒரு கொத்தமல்லித் தண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காயா பெட்டியிலிருந்து வந்தது. மூன்றடியில் நின்றது. பிறகு அந்தப் புண்பட்ட காலை மெல்ல எடுத்து வைத்து, நேராக வந்து என் விரலுக்கிடையில் இருந்த தண்டைக் கடிக்கத் தொடங்கியது. நான் மூச்சைக்கூட அளந்து விட்டேன்.

பின்னால் கதவு திறந்தது. மகள் வந்து, என்னிடமிருந்து கொஞ்சம் தள்ளி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் வீட்டில் இருக்கும்போது அவளாக அறையைவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்த்தேன். எண்ண முடியவில்லை. இரண்டு பேரும் காயா தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“ப்பா.”

“ம்.”

“போன வருஷம் அக்டோபர்ல ஸ்கூல்லேர்ந்து ஒரு லெட்டர் குடுத்தாங்க. மேத்ஸ்ல ஃபெயில். உங்க கையெழுத்த நானே போட்டுக் குடுத்துட்டேன்.”

பத்தொன்பது வருஷ சரக்குக் கிடங்கும் அடிவயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டைக்கு வந்தது. வாய் திறந்துவிட்டது. “நாலு மாசமாவா சொல்லாம வச்சிருந்த?” என்று கேட்டுவிட்டேன். எந்தக் குரலில் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. காது அடைத்திருந்தது. பயத்தோடு கீழே பார்த்தேன்.

காயா தின்பதை நிறுத்தவில்லை. நான் கத்தவில்லை என்பது அதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.